காணவில்லை: ஹார்டு டிஸ்க்

இரவு பத்தரை மணி. திருநெல்வேலியிலிருந்து தங்கை மகள் அழைத்தாள். குரலிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

“மாமா, லேப்டாப் ஆன் ஆகுது. ஆனா விண்டோஸ் வரவே மாட்டேங்குது. கறுப்பு ஸ்கிரீன்ல ‘நோ பூட்டபிள் டிவைஸ்’னு ஒரு வரி மட்டும் நிக்குது. பக்கத்து வீட்டுத் தம்பி பார்த்துட்டு, ‘ஓஎஸ் போயிருச்சுக்கா, புதுசா போட்டா சரியாயிரும்’னு சொல்றான். பென்டிரைவ் எடுக்க வீட்டுக்குப் போயிருக்கான்.”

தாமிரபரணிக் கரையோரக் கிணறுகளில் மூன்று ஆண்டுகளாக அவள் எடுத்த நீர் அளவீடுகள், பாதி எழுதிய ஆய்வேடு, குடும்பப் படங்கள் எல்லாம் அந்த லேப்டாப்பில்தான் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை.

“அவன் திரும்பி வர்றதுக்குள்ள ஆஃப் பண்ணிடும்மா. சார்ஜரையும் கழட்டிடு. இனிமே அதை ஆன் பண்ணாதே. காலையில பேசுவோம்.”

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். உதவி செய்யத்தான் ஓடினான். நம் ஊரில் லேப்டாப் மக்கர் செய்தால் பத்தில் எட்டுப் பேர் சொல்லும் மருந்து ‘ஓஎஸ் போடு’ என்பதுதான். ஆனால் நண்பர்கள், உறவினர்கள், அலுவலகத் தோழர்கள் என்று எத்தனையோ பேரின் லேப்டாப்போடு உட்கார்ந்து பார்த்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்று. டிஸ்க் காணாமல் போன நேரத்தில் அழிவதைவிட, அதற்கு அடுத்த அரைமணி நேரத்தில் அழிவது அதிகம். பதற்றத்தில் திரும்பத் திரும்ப ஆன் செய்வது, ‘ரிப்பேர்’ என்று எழுதியிருப்பதையெல்லாம் அழுத்துவது, ஃபார்மேட் கேட்டால் சரி என்று சொல்லிவிடுவது. இந்தக் கட்டுரை அந்த அரைமணி நேரத்துக்காக எழுதப்படுகிறது.

அந்த நேரத்தில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, லேப்டாப்பை எப்படிச் சரிசெய்வது என்பதல்ல. உள்ளே இருப்பது எனக்கு வேண்டுமா, அதற்கு வேறு நகல் இருக்கிறதா? நகல் இருந்தால் தைரியமாகக் கழற்றலாம், மாட்டலாம், ஃபார்மேட் செய்யலாம். தோற்றாலும் ஒரு புது டிஸ்கின் விலையோடு போய்விடும். நகல் இல்லையென்றால், அந்த லேப்டாப்பை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் கையிருப்பிலிருந்து எதையோ செலவழிக்கிறோம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். நான் அவளை ஆஃப் செய்யச் சொன்னது அதனால்தான்.

தன் பெயரைச் சொல்லும் டிஸ்க்

‘டிடெக்ட் ஆகலை’ என்று எல்லோரும் சொல்கிறோம். டிடெக்ட் ஆவது என்றால் என்ன?

பவர் பட்டனை அழுத்தியதும் விழிப்பது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் ஒரு சிறு சிப்பில் குடியிருக்கும் பயாஸ்தான் முதலில் எழுகிறது. புது மெஷின்களில் அதன் முறையான பெயர் யூஇஎஃப்ஐ. கடைக்காரர்கள் இன்றும் பயாஸ் என்றுதான் சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம். அது டிஸ்க் மாட்டக்கூடிய ஒவ்வொரு இணைப்பிடமும் போய், ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று கேட்கும். டிஸ்க் தன் மாடல் பெயர், வரிசை எண், கொள்ளளவு மூன்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் டிடெக்ட் ஆனது. பதில் வரவில்லை என்றாலோ, குறித்த நேரத்துக்குள் வரவில்லை என்றாலோ அந்த இடம் காலி என்று பயாஸ் எழுதிக்கொள்ளும்.

சுழலும் ஹார்டு டிஸ்க் அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். லேப்டாப்புக்குள் இருக்கும் இரண்டரை அங்குல டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றுவது. வினாடிக்கு 90 சுற்று. அந்த வேகத்தில் தட்டின் வெளி விளிம்பு மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. படிக்கும் முனையை ஹெட் என்கிறோம். ஓரத்துச் சாய்மேடையில் ஓய்வெடுக்கும் ஹெட் இறங்கி வந்து, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின் மேல் மிதக்கும். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். தூசுத் துகள் ஒன்று அங்கே மலை.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. டிஸ்க் இயங்கத் தேவையான கட்டளைகளில் கணிசமான பகுதி அதன் சர்க்யூட் போர்டில் இல்லை. தட்டிலேயே நமக்குக் காட்டாத ஒரு மறைவிடத்தில் எழுதியிருக்கிறது. அதாவது, தான் யார் என்று சொல்வதற்கே டிஸ்க் தன்னைத் தானே படித்தாக வேண்டும். ஹெட் தளர்ந்த டிஸ்க் அரைகுறைப் பெயர் சொல்வதும், கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டுவதும், ஒருநாள் வந்து மறுநாள் வராமல் போவதும் இதனால்தான்.

பயாஸில் பெயர் இருக்கிறதா?

மறுநாள் காலை அவளிடம் ஒரே ஒரு முறை ஆன் செய்யச் சொன்னேன். நான் கேட்டது இரண்டு விஷயம். பயாஸுக்குள் டிஸ்கின் பெயர் தெரிகிறதா? அங்கே தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா?

பயாஸுக்குள் நுழைய, ஆன் செய்த உடனேயே ஒரு சாவியைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், ஏசர், அசூஸ் மெஷின்களில் பெரும்பாலும் எஃப்2. ஹெச்பியில் எஃப்10. லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2. உள்ளே ‘ஸ்டோரேஜ்’ என்றோ ‘இன்ஃபர்மேஷன்’ என்றோ ஒரு பக்கத்தில் டிஸ்கின் பெயர் இருக்கும். பார்ப்பதோடு சரி, எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடலாம்.

தேதியை ஏன் கேட்டேன் என்றால், அதில் ஒரு துப்பு இருக்கிறது. பல லேப்டாப்களில் நாணயம் போன்ற சிறு பேட்டரி ஒன்று பயாஸின் நினைவைக் காத்து வைத்திருக்கும். ஐந்தாறு வருடத்தில் அது தீர்ந்துபோகும். தீர்ந்தால் தேதி பழைய ஆண்டுக்குப் போகும். கூடவே எந்த டிஸ்கிலிருந்து பூட் ஆக வேண்டும், டிஸ்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்ற அமைப்புகளும் தொழிற்சாலையில் வைத்தபடி திரும்பிவிடலாம். டிஸ்க் நன்றாக இருக்கும், பெயரும் தெரியும், ஆனால் விண்டோஸ் வராது. அமைப்பைப் பழையபடி திருப்பி, அந்தச் சில்லறை பேட்டரியை மாற்றினால் போதும். இதற்குப் போய் ஓஎஸ் போட்டு, பத்து வருடப் படங்களை அழித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பெயர் தெரிந்தும் பூட் ஆகாததற்கு வேறு காரணங்களும் உண்டு. பென்டிரைவ் செருகியிருப்பது, பூட் வரிசை மாறியிருப்பது, விண்டோஸின் தொடக்கக் கோப்புகள் கெட்டிருப்பது. இவை எல்லாம் மென்பொருள் பக்கத்துச் சிக்கல்கள். உள்ளே இருப்பதை இழக்காமலே சரிசெய்துவிடலாம். ஹெச்பி மெஷின்களில் 3எஃப்0 என்ற எண்ணோடு ‘பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்’ என்று வருவதைப் பார்த்ததும் டிஸ்க் செத்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பூட் ஆக ஒன்றும் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்களை அலைக்கழிக்கும் ஒரு சிக்கலை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எந்தப் பொருளும் கெட்டிருக்காது. 2020-இல் வந்த இன்டெல் 11-ஆம் தலைமுறைப் பிராசசர்களிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. டிஸ்குகளைப் பிராசசரே ஒரு திரைக்குப் பின்னால் வைத்து நிர்வகிக்கும். அந்தத் திரையை விலக்கும் டிரைவர் இல்லாத விண்டோஸ் பென்டிரைவைப் போட்டு இன்ஸ்டால் செய்யப் போனால், டிஸ்க் பட்டியல் வெறுமையாக இருக்கும். ‘எந்த டிஸ்கும் கிடைக்கவில்லை, டிரைவரை ஏற்று’ என்று ஒரு வரி வரும். டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துப் புது டிஸ்க் வாங்கிப் போட்டால் அதுவும் தெரியாது. பிறகு போர்டு போய்விட்டது என்ற பேச்சு தொடங்கும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் போட்டு, ‘லோடு டிரைவர்’ வழியாகக் காட்டினால் டிஸ்க் வந்து நிற்கும்.

பயாஸில் விஎம்டியை அணைத்துவிட்டாலும் டிஸ்க் தெரியும்தான். ஆனால் ஏற்கெனவே விஎம்டியோடு போட்ட விண்டோஸ் உள்ளே இருந்தால், அடுத்த முறை நீலத்திரைதான் வரும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால், பயாஸ் அமைப்பை மாற்றியதைச் சந்தேகித்து 48 இலக்க மீட்புச் சாவியையும் கேட்கலாம். தன் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே தெரியாதவர்கள் ஏராளம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த இன்றைய விண்டோஸ் லேப்டாப்கள் பலவும் நம்மைக் கேட்காமலே டிஸ்கைப் பூட்டிவிடுகின்றன. சாவி அந்தக் கணக்கில்தான் சேமிப்பாகியிருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும்போதே, இன்றைக்கே, உங்கள் கணக்குக்குள் போய் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். டிஸ்க் நல்லபடியாக இருந்து, அதை வேறொரு மெஷினில் மாட்டி, சாவி இல்லாமல் கைவிட்டவரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

தங்கை மகள் சொன்ன பதில் இது: “தேதி கரெக்டா இருக்கு மாமா. ஹார்டு டிஸ்க்னு போட்டிருக்கிற இடத்துல ‘நன்’னு இருக்கு.”

“சரி, ஆஃப் பண்ணிடு. நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறி வா. மடியிலேயே வச்சுக்கோ.”

ரிச்சி தெருவில் ஒரு காலை

சென்னை அண்ணா சாலையிலிருந்து இரண்டு நிமிட நடை. ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சந்துகள். என் இளமையில் அங்கே டிரான்சிஸ்டர் பாகங்கள் வாங்கினோம். இப்போது அதே படிக்கட்டுகளில் லேப்டாப் டிஸ்ப்ளேக்களைச் சுமந்துகொண்டு பையன்கள் ஓடுகிறார்கள். முதல் மாடியில், ஒரு மேசையும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் சூடேற்றும் கருவியுமாக உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம்தான் நான் போவது வழக்கம். பேர் போட வேண்டாம் என்பார், அதனால் போடவில்லை.

விவரத்தைக் கேட்டார். ஆன் செய்யாமலே லேப்டாப்பைத் திருப்பிப் போட்டார். பின்மூடியைக் கழற்றியதும் அவர் கை முதலில் போனது டிஸ்கின் பக்கம் அல்ல, பேட்டரி கனெக்டர் பக்கம். அதை விடுவித்த பிறகுதான் மற்றவை. “கரண்ட் இருக்கும்போது டிஸ்கைப் பிடுங்கினா, இருக்கிற உயிரும் போயிரும் சார்.” வீட்டில் செய்பவர்களுக்கும் இதுவே விதி. சார்ஜரைக் கழற்றி, பேட்டரியைத் துண்டித்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, தங்கியிருக்கும் மின்சாரத்தை வடியவிட்டு, அதன் பிறகே கை வைக்க வேண்டும். மின்சாரத்தை இப்படி வடித்து மறுபடி மாட்டியதில் மட்டுமே டிஸ்க் திரும்பி வந்ததும் உண்டு.

அடுத்து அவர் பார்த்தது டிஸ்கையும் போர்டையும் இணைக்கும் ஃபிளெக்ஸ் கேபிளை. காகிதம் போன்ற மெல்லிய பட்டை. லேப்டாப்பைத் தூக்கும்போதும் ஒரு கையால் ஓரத்தைப் பிடிக்கும்போதும் உடல் லேசாக வளைகிறது. அந்த வளைவையெல்லாம் இந்தப் பட்டைதான் வருடக்கணக்காக வாங்கிக்கொள்கிறது. டிஸ்க் டிடெக்ட் ஆகாத கேஸ்களில் டிஸ்கே குற்றவாளி இல்லை என்று தெரியவரும்போது பெரும்பாலும் சிக்குவது இதுதான். கடலோர ஊர்களில் இன்னொன்றும் சேரும். உப்புக் காற்றில் தொடுமுனைகள் பச்சை பூத்துவிடும். ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்ட பிரஷால் துடைத்து, காயவிட்டு, மறுபடி பொருத்தினால் டிஸ்க் வந்துவிடும். வெள்ள நீர் புகுந்த லேப்டாப் மட்டும் வேறு வகை. காயவைத்து ஆன் செய்து பார்ப்போம் என்று ஒருபோதும் முயலக் கூடாது. உள்ளே படிந்த சேறு, சுழலத் தொடங்கியதும் தட்டை உரசிவிடும்.

கேபிளில் குறையில்லை. துடைத்து மாட்டினார். அப்புறம் அவர் செய்ததுதான் இந்தத் தொழிலின் இதயம் என்பேன்: மாற்றிப் பார்ப்பது. மேசை இழுப்பறையிலிருந்து நல்ல டிஸ்க் ஒன்றை எடுத்து அவளுடைய லேப்டாப்பில் மாட்டினார். உடனே டிடெக்ட் ஆனது. ஆக, போர்டும் கேபிளும் நலம். அவளுடைய டிஸ்கைத் தன் மெஷினில் மாட்டினார். மின்சாரம் கொடுத்துவிட்டு, டிஸ்கைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். வைத்தியர் மார்பில் காது வைப்பது போலிருந்தது.

அந்தக் காதுக்கு நாலு வகைச் சத்தம் தெரியும். சத்தமே இல்லை என்றால் மின்சாரம் போகவில்லை அல்லது டிஸ்கின் போர்டு போயிருக்கிறது. மோட்டார் ஒரே சீராகச் சுழலும் ஓசை மட்டும் வந்தால் நம்பிக்கை உண்டு. ‘டிக்… டிக்… டிக்…’ என்று தாளம் போட்டால், ஹெட் தன் தடத்தைத் தேடி அலைந்து, கிடைக்காமல் திரும்பித் திரும்பி இடித்துக்கொள்கிறது. அந்த டிஸ்கை அந்த வினாடியே நிறுத்தியாக வேண்டும், அடுத்த சுற்றில் ஹெட் தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம். மெல்லிய ‘பீப்’ முனகல் கேட்டால் மோட்டார் சுழல முயன்று முடியாமல் சிக்கியிருக்கிறது, பெரும்பாலும் கீழே விழுந்த டிஸ்க்.

“சுத்துது சார். தட்டல. இதுக்கு உயிர் இருக்கு. மூச்சுத்தான் வாங்குது,” என்றார். நாற்பது வினாடி கழித்துத் திரையில் டிஸ்கின் பெயர் வந்தது. அவளுடைய லேப்டாப்பின் பயாஸுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கும் பொறுமை இல்லை.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் ஒரு பதிவேடு உண்டு, பெயர் ஸ்மார்ட். அதில் அவர் இரண்டு வரிகளைக் காட்டினார். ஐந்தாம் எண், படிக்க முடியாமல் போய் மாற்று இடத்துக்கு நகர்த்திய செக்டார்கள். 197-ஆம் எண், படிக்க முடியுமா முடியாதா என்று இழுபறியில் நிற்பவை. இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டியவை. இரண்டாவது சில நூறுகளில் இருந்தது. 199-ஆம் எண்ணைத் தனியாகச் சுட்டினார். அது ஏறியிருந்தால் தப்பு டிஸ்கில் இல்லை, கேபிளில் என்று பொருள். அது பூஜ்யம்.

இந்தப் பதிவேட்டை நம்பி இருந்துவிட முடியுமா? கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இதற்குப் பதில் சொல்கிறது. ஸ்கேனில் முதல் பிழை காட்டிய டிஸ்குக்கு, அடுத்த 60 நாட்களில் சாவதற்கான வாய்ப்பு பிழையில்லாததைவிட 39 மடங்கு. ஆகவே எச்சரிக்கை வந்தால் அன்றே நகல் எடுத்துவிட வேண்டும். ஆனால் செத்த டிஸ்குகளில் 56 சதவீதத்துக்கு மேற்பட்டவை, ஸ்மார்ட்டின் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. எச்சரிக்கை வரவில்லை என்பதால் டிஸ்க் நலமென்று எடுத்துக்கொள்ள வழியில்லை.

ஓசையின்றிப் போகிறவை

இப்போதைய லேப்டாப்களில் சுழலும் டிஸ்க் அருகிவிட்டது, சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டிதான். விழுந்தாலும் தாங்கும், வேகமும் அதிகம். ஆனால் சாகும்போது முன்னறிவிப்பு குறைவு. காதில் வைத்துப் பார்க்க அதற்கு ஓசை இல்லை. நேற்று இரவு மூடி வைத்த லேப்டாப் இன்று காலை டிஸ்க் இல்லை என்கிறது.

எது எந்தச் சிப்பில் இருக்கிறது என்ற வரைபடத்தை எஸ்எஸ்டி இடைவிடாமல் எழுதித் திருத்திக்கொண்டே இருக்கும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் வரைபடம் குழம்பிவிடும். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே என்று தோன்றலாம். நம் வீடுகளில் பாதி லேப்டாப்களின் பேட்டரி செத்துப்போய், சார்ஜர் தயவில் ஓடுகின்றன. கரண்ட் போன நொடியே அணைகின்றன. இப்படிக் குழம்பிய எஸ்எஸ்டிக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது, பல நேரம் பலித்தும் இருக்கிறது. பயாஸ் திரைக்குப் போய், எதுவும் செய்யாமல், மின்சாரத்தோடு 20 நிமிடம் அப்படியே விட்டுவிட வேண்டும். பிறகு அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, இன்னொரு முறை. வேலை எதுவும் கேட்காமல் மின்சாரம் மட்டும் கிடைத்தால் சில எஸ்எஸ்டிகள் தம் வரைபடத்தைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன.

சில எஸ்எஸ்டிகள் கணக்குப் பிழையால் மட்டுமே மறைந்திருக்கின்றன. 2012 ஜனவரியில், குரூஷியல் எம்4 என்ற மாடல் 5,184 மணி நேரம் ஓடிய பிறகு பேச்சுமூச்சற்றுப் போவதைக் கண்டு, அதன் தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் (டிஸ்கின் உள் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டார். 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம், தன் சர்வர்களில் இருந்த சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரத்தில், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில் நிரந்தரமாகச் செயலிழக்கும் என்றும் அதற்குள் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் அறிவித்தது. கணினி படித்தவர்களுக்கு 32,768 என்றதும் புரியும்: இரண்டின் 15-ஆவது அடுக்கு. மணிகளை எண்ணும் இடம் நிரம்பினால் டிஸ்கே இல்லாமல் போகிறது. ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் மாட்டிய டிஸ்குகள் ஒரே நாளில் சாகும். ஒரே மாடல் டிஸ்குகள் இரண்டில் நகல் வைத்திருக்கும் அலுவலகங்கள் இதை யோசிக்க வேண்டும்.

எஸ்எஸ்டியைப் பற்றி இன்னும் ஒன்று, வாங்கும்போதே கேட்க வேண்டியது. எம்.2 வடிவத்தில் இரண்டு சாதிகள் உண்டு, சாட்டா, என்விஎம்இ. பல நேரம் ஒன்றின் இடத்தில் மற்றது உட்கார்ந்துவிடும், திருகும் பொருந்திவிடும், ஆனால் டிடெக்ட் ஆகாது. டிஸ்கைக் கடையில் திருப்பிக் கொடுப்பதற்கு முன் உங்கள் மாடல் எதை ஏற்கும் என்று பாருங்கள்.

இரண்டு இரவுகள்

அவளுடைய டிஸ்குக்கு வருகிறேன். ரிச்சி தெருக்காரர் கொடுத்த யோசனை ஒன்றுதான். “சார், இதுல எந்த ரிப்பேரும் பண்ணாதீங்க. அப்படியே காப்பி எடுங்க. காப்பில வேலை பாருங்க.”

விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க் போடலாமா என்று அவள் கேட்டாள். நான் முறைத்ததில் பயந்துவிட்டாள், பாவம். நலிந்த டிஸ்கில் செக்டிஸ்க் போடுவது, மூச்சு வாங்குகிறவரை மாடிப்படி ஏறச் சொல்வது. டிஸ்க் முழுவதையும் படிக்கும். புரியாத கோப்புகளைச் சரிசெய்வதாக எண்ணி அதன் மேலேயே எழுதும். அதேபோல டிஸ்கை ஃப்ரீசரில் வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் பூக்கும். ஈரத் தட்டின் மேல் ஹெட் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மூடியைத் திறந்து பார்க்கவே கூடாது. ஹெட் மாற்றும் வேலை, அதே மாடலில் இன்னொரு டிஸ்கைப் பலிகொடுத்து, தூசு வடிகட்டிய அறைக்குள் செய்வது. டிஸ்கின் பச்சைப் போர்டை மட்டும் அதே மாடலிலிருந்து எடுத்து மாற்றினால் போதும் என்று இணையத்தில் சொல்வார்கள். ஒவ்வொரு டிஸ்குக்கும் தனித்தனியாகத் திருத்திய அளவுகள் அந்தப் போர்டில் ஒரு சிறு சிப்பில் இருக்கின்றன, அந்தச் சிப்பையும் பெயர்த்து ஒட்டாமல் பெரும்பாலும் பலிக்காது.

‘டிக் டிக்’ கேட்டிருந்தால் நானும் கையெடுத்திருப்பேன். ரெக்கவரி ஆய்வகத்துக்குத்தான் அனுப்பியிருப்பேன். செலவு பல ஆயிரங்களில் போகும். ஆனால் அவர்களால் முடிவதன் எல்லை பெரியது. 2003-இல் கொலம்பியா விண்கலம் சிதறியபோது, ஓர் ஆய்வுக் கருவியின் ஹார்டு டிஸ்க் வானத்திலிருந்து டெக்சாஸில் விழுந்தது. சில மாதங்கள் கழித்து, வறண்ட ஏரிப் படுகையில் கருகிய உலோகத் துண்டாகக் கிடைத்தது. போர்டு எரிந்திருந்தது, தட்டுகள் பிழைத்திருந்தன. ரெக்கவரி வல்லுநர்கள் தட்டுகளை வேறொரு டிஸ்குக்கு மாற்றி ஏறத்தாழ 99 சதவீதத்தை மீட்டார்கள். அந்த ஆய்வு முடிவு 2008-இல் அச்சேறியது. எரிந்து விழுந்த அந்த டிஸ்கின் மேல் யாரும் விண்டோஸ் போடவில்லை என்பதை நான் அவளிடம் சொன்னேன். அவளுடையது எஸ்எஸ்டியாக இருந்து, அதில் புதிதாக ஓஎஸ் போட்டிருந்தால் இந்த நம்பிக்கைக்கும் இடமிருந்திருக்காது. ஃபார்மேட் செய்ததும் பழைய இடங்களைத் துடைத்துவிடலாம் என்று டிரிம் கட்டளை போய்விடும். எஸ்எஸ்டி தானே துடைத்துவிடும்.

வீட்டில் என் பழைய மெஷினில் லினக்ஸ் பென்டிரைவைப் போட்டு, அவள் டிஸ்கை ஒரு பக்கமும், புதிதாக வாங்கிய பெரிய டிஸ்கை மறுபக்கமும் மாட்டினோம். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள். இதன் அறிவு எனக்குப் பிடிக்கும். எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகும். எல்லாம் முடிந்த பிறகே விட்டுவந்த இடங்களுக்குத் திரும்பி, ஓரம் ஓரமாகச் சுரண்டும். எதுவரை வந்தோம் என்று ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் டிஸ்க் மயங்கினாலும் அணைத்து, ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டளையில் எது பழைய டிஸ்க், எது புதிது என்பதை மூன்று முறை சரிபாருங்கள். மாற்றி எழுதிவிட்டால் வெற்று டிஸ்க் பழையதன் மேல் நகலாகிவிடும்.

முதல் இரவு டிஸ்க் இரண்டு முறை மயங்கியது. மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்தோம். அவள் தூங்கவில்லை. விடியும்போது தொண்ணூறு சதவீதம் தாண்டியிருந்தது. இரண்டாம் இரவு சுரண்டும் வேலை, ஆமை வேகம். காலையில் சில மெகாபைட்டுகள் மட்டும் எஞ்சி நின்றன. நான் நிறுத்தினேன்.

இடையில் ஒன்று: அவள் சென்னைக்கு வந்த ரயிலில், பக்கத்து இருக்கைப் பெண்மணி ஒருவர், முன்பு இதேபோல லேப்டாப்பை எங்கோ ஒரு கடையில் விட்டுவிட்டு வந்ததையும், பழைய டிஸ்கைத் திருப்பிக் கேட்காமல் போனதையும் சொல்லி, அதில் இருந்த படங்களை நினைத்து இன்றும் பயப்படுவதாகச் சொன்னாராம். அவள் அதை என்னிடம் சொன்னபோது, எழுதினால் இதை விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். டிஸ்க் ‘டெட்’ என்று கடைக்காரர் சொன்னாலும் திருப்பி வாங்குங்கள். வாரண்டியில் மாற்றினால் புது டிஸ்க் கிடைக்கும், உள்ளே இருந்தது கிடைக்காது; பழையது அவர்களிடமே போய்விடும். பயாஸுக்கு டெட் ஆன டிஸ்க் வேறொருவர் மேசையில் நாற்பது வினாடி காத்திருந்தால் பேசும் என்பதை இப்போது நீங்களும் அறிவீர்கள்.

அந்தக் காலையில் நகல் டிஸ்கைத் திறந்தோம். ஆய்வேடு முழுதாக இருந்தது. கிணற்று அளவீடுகளின் எக்செல் கோப்புகளை அவள் ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி வரி வரை இறங்கிப் பார்த்து மூடினாள். அடுத்த அரைமணியில் அவை ஒரு பென்டிரைவிலும், அவளுடைய கூகுள் டிரைவிலும், என் மெஷினிலும் இருந்தன. அப்புறம்தான் படங்கள் இருந்த ஃபோல்டருக்குப் போனாள்.

எல்லாம் வந்திருந்தன, இரண்டைத் தவிர. ஒன்று ஏதோ திருமண மண்டபத்து வாசல். இன்னொன்று அவளுடைய ஆச்சி, என் அம்மா, ஊர்க் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்திருக்கும் படம். இறப்பதற்கு முந்தைய கோடையில் இவள்தான் எடுத்தது. நெற்றி, மூக்குத்தி, பாதிச் சிரிப்பு எல்லாம் தெளிவாக இருந்தன. கழுத்துக்குக் கீழே படம் முழுவதும் சாம்பல் பட்டை.

நான் திரும்ப டிடிரெஸ்க்யூவை ஓடவிடலாமா என்று யோசித்தேன். பழைய டிஸ்க் மேசையில் இன்னும் சூடாக இருந்தது. அவள் என் கையைப் பிடித்தாள்.

“வேண்டாம் மாமா. முகம் வந்துருச்சுல்ல.”